ஒரு மூடி மருந்து

2023 ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஆடிப் பதினெட்டு அன்று காலை, கொல்லிமலை வாசலூர்பட்டியில் அருணா என்ற இருபத்தெட்டு வயதுப் பெண் தன் ஓரகத்தி வீட்டில் ஒரு டம்ளர் அன்னாசி ஸ்குவாஷ் குடித்தாள். சற்று நேரத்தில் மூச்சுவிட முடியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டாள்.

அந்த ஓரகத்தியின் பெயர் சுமித்ரா. ஸ்குவாஷைத் தயாரித்தவளும் அவள்தான், டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தவளும் அவள்தான்.

அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு டஜன் பேராவது இருந்தார்கள். மாமியார் பொன்னாயி, சுமித்ராவின் கணவன் பூபதி, சுமித்ராவின் சுய உதவிக் குழுப் பெண்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பாட்டிலில் இருந்துதான் ஊற்றினாள். பூபதி இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தான். பாட்டிலைத் திறந்ததும் தீக்குச்சி கிழித்ததுபோல ஒரு வாசம் வந்தது. அது எப்போதும் வருகிற வாசம்தான் என்று சுமித்ரா அதைக் கவனிக்கவில்லை.

அருணா இரண்டு முறை இருமினாள். பிறகு எழுந்துபோய் வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல் சத்தம் கேட்டது. அவள் கணவன் பிரேம் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடச் சத்தீஸ்கர் போய் இரண்டு மாதமாகிறது. பூபதிதான் தன் ஜீப்பைக் கிளப்பினான். வல்வில் ஓரி விழாவுக்கு வந்த கார்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் நின்றிருந்தன. அவன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே ஓட்டினான்.

மருத்துவமனையில் பூங்குழலி என்ற டாக்டர் இருந்தார். அந்த மலைக்கு மாற்றலாகி வந்து ஓராண்டு ஆகியிருந்தது. அருணாவின் முகத்தில் மூடியை மாட்டி ஆவி மருந்து விட்டுக்கொண்டே கேட்டார்.

"மூச்சு இளைப்பு முன்னாடியே இருக்கா? வாயில அடிக்கிற பம்ப் வெச்சிருக்கியா?"

அருணா ஆமென்று தலையை ஆட்டினாள். பிறகு அவள் கண் கதவுப் பக்கம் போனது. அங்கே பொன்னாயி நின்றிருந்தாள். அருணா உடனே இல்லை என்று தலையை அசைத்தாள். இரண்டையும் பார்த்தது கட்டிலின் மறுபக்கம் நின்ற சுமித்ரா மட்டும்தான். டாக்டர் அப்போது குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"களியும் அவரைக்கொட்டைக் கொழம்பும்ங்க," என்றாள் பொன்னாயி. "அதெல்லாம் எப்பவும் திங்கறதுதான். அப்புறம் இவ குடுத்த தண்ணி."

"என்ன தண்ணி?"

"அன்னாசி ஸ்குவாஷுங்க," என்றாள் சுமித்ரா. "எங்க குழுவுல நாங்களே பண்றது. போட்ஹவுஸ்கிட்ட கடை வெச்சு விக்கறமுங்க."

"கெடாம இருக்க மருந்து எதுவும் சேர்க்கிறீங்களா?"

"சேர்க்கறமுங்க. இல்லீன்னா பொங்கிருமுங்க."

"எவ்வளவு?"

"ஒரு பானைக்கு ஒரு மூடிங்க."

"எந்த மூடி?"

"மருந்து மூடிங்க," என்றாள் சுமித்ரா.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பொன்னாயி கதவருகிலிருந்து மெல்ல வெளியே போனாள்.

மருந்து மூடி என்று சுமித்ரா சொன்னது இருமல் டானிக் பாட்டிலின் நீல மூடியை. அவர்கள் குழு நாமக்கல்லில் பயிற்சிக்குப் போனபோது, பழச்சாறு கெடாமலிருக்கப் போடும் வெள்ளைத் தூள் ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் பெயர் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். சொல்லிக்கொடுத்தவர் கே.எம்.எஸ். என்று சுருக்கிச் சொன்னார். மலைக்கு ஏறி வருவதற்குள் குழுப் பெண்கள் அதையும் சுருக்கி மருந்து என்று ஆக்கிவிட்டார்கள். பொட்டலத்தோடு ஒரு சின்ன வெள்ளைக் கரண்டியும் வந்தது. ஒரு பானைச் சாறுக்குத் தலை தட்டி ஒரு கரண்டி. அவ்வளவுதான் கணக்கு.

போன வைகாசியில் அந்தக் கரண்டி கொதிக்கும் சர்க்கரைப் பாகில் விழுந்து வளைந்துபோனது. சுமித்ரா வீட்டில் தேடியபோது பூபதி குடித்து முடித்த இருமல் டானிக்கின் மூடி கிடைத்தது. உள்ளே கோடு போட்டிருந்தது. மருந்து அளப்பதற்கென்றே செய்த மூடி என்பதால் மருந்துக்கு அதுவே சரியென்று அவளுக்குத் தோன்றியது. முதலில் கோடுவரைதான் அளந்தாள். அந்த மாதம் கடையில் அடுக்கியிருந்த இரண்டு பாட்டில்கள் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தன. "மருந்து பத்தல புள்ள," என்றாள் குழுவில் மூத்தவளான பாப்பாத்தி. அதற்குப் பிறகு மூடி நிறையப் போட்டார்கள். ஒரு பாட்டில்கூடப் பொங்கவில்லை. எல்லோருக்கும் திருப்தி.

டாக்டர் சுமித்ராவை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"அந்தத் தூள் அளவா இருந்தா பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. கடையில விக்கிற நிறைய சாமான்ல இருக்கு. ஆனா இளைப்பு உள்ளவங்கள்ல சில பேருக்கு ஆகாது. அதுலேர்ந்து வர்ற புகை மாதிரி ஒண்ணு மூச்சுக்குழாயைச் சுருக்கிரும். அளவு கூடிட்டா சொல்லவே வேண்டாம். குடிச்சவங்க யாராவது தொண்டை கரகரங்குதுன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க. அன்னாசின்னா அப்படித்தான்னு சொல்லிட்டேன்."

"இருக்கிற பாட்டிலை விக்காதீங்க. அளவைச் சரியாப் பாருங்க."

சுமித்ரா உள்ளே வந்தபோது அருணாவுக்கு மூச்சு ஓரளவு அடங்கியிருந்தது. பொன்னாயி டீ வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அருணா முகமூடியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"அக்கா, பாத்துட்டீங்க இல்ல?"

"பாத்தேன். எத்தன நாளா இருக்குது?"

"எட்டாவது படிக்கையிலருந்து. கல்யாணம் பேசறப்ப எங்கப்பன் சொல்லல. சொல்லியிருந்தா அத்த ஒத்துக்கிட்டிருக்குமா? அவருக்குத் தெரியுங்க்கா. அவருதான் நாமக்கல்லுல பம்பு வாங்கித் தாராரு. அரிசி டப்பாவுக்குள்ள வெச்சிருக்கேன்."

"அரிசி டப்பாவுல வெச்சா அவசரத்துக்கு எடுக்கறதெப்படி, சோறாக்கி முடிச்சிட்டா?"

அருணாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. அது நின்றதும் சுமித்ராவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அத்தைகிட்ட சொல்லிராதீங்க்கா. உங்க கையப் புடிச்சுக் கேக்கறேன்."

"சொல்லல கண்ணு. மூடிய மாட்டு."

அன்று மாலை சுமித்ரா கடைக்குப் போய்ச் சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் கிடந்த வளைந்த கரண்டியைத் தேடி எடுத்தாள். வாயைக் கொஞ்சம் நிமிர்த்தி, தூளைத் தலை தட்டி அள்ளி நீல மூடிக்குள் கொட்டினாள். மறுபடி அள்ளிக் கொட்டினாள். நாலு கரண்டி போட்ட பிறகும் மூடி நிறையவில்லை. பிறகு பாப்பாத்தியைக் கூப்பிட்டு, இளைப்புக்காரர்களுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதைச் சொல்லி மூடியைக் காட்டினாள்.

பாப்பாத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "சீசன் ஆரம்பிச்சதுலருந்து வித்தது எல்லாம் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"எல்லாம்."

"சேலம், ஈரோடு, பெங்களூருன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்களே புள்ள. யாரு ஊட்டுல யாருக்கு இளைப்போ."

லேபிளில் சுமித்ராவின் போன் நம்பர்தான் இருந்தது. குடித்ததும் தொண்டை கவ்வுகிறது என்று சேலத்துக்காரர் ஒருவர் ஆனி மாதம் பேசியிருந்தார். தண்ணீர் அதிகம் சேர்த்துக் குடியுங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். இப்போது அந்த நம்பரைத் தேடிக் கூப்பிட்டாள். "அப்பவே கொட்டிட்டோம்மா," என்றார் அவர். வேறு யாருடைய நம்பரும் அவளிடம் இல்லை.

இதற்குள் வீட்டில் வேறு ஒரு பேச்சு தொடங்கியிருந்தது.

பொன்னாயி கதவருகில் நின்று கேட்டது இரண்டு வார்த்தைகளைத்தான். மருந்து, ஒரு மூடி. அந்த மலையில் மருந்து என்றால் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, மிளகுக்கொடிக்கு அடிப்பதும் மருந்து. ஆனால் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சோற்றிலோ தண்ணீரிலோ மருந்து கொடுத்தாள் என்றால் அதற்கு ஒரே பொருள்தான். ஆளை மயக்கவோ, உருக்குலைக்கவோ, குடும்பத்தைக் கலைக்கவோ ரகசியமாக வைப்பது. காரணமும் கையிலேயே இருந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏறியிருந்த பூர்வீகத் தோட்டத்தை அண்ணன் தம்பிக்குப் பிரிக்கலாம் என்று அந்த வருடம்தான் பேச்செடுத்திருந்தார்கள். தண்ணீர் பாயும் கீழ்ப்பங்கு யாருக்கு என்பது இன்னும் முடியவில்லை.

"அவளே டாக்டரம்மாகிட்ட ஒத்துக்கிட்டா," என்று பொன்னாயி பக்கத்து வீடுகளில் சொன்னாள். "ஒரு மூடி போட்டாளாம். என் காதால கேட்டேன்."

மலையடிவாரத்தில் காரவள்ளிக்குக் கீழே, வயிற்றில் வைத்த மருந்தை எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். பொன்னாயி ஒருநாள் காலையில் அருணாவைப் பஸ் ஏற்றி அவரிடம் கூட்டிப்போனாள். எழுபது வளைவு இறங்கினால் மலையில் பிறந்தவர்களுக்கே வயிறு புரளும். அருணா வாந்தி எடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அந்த வாந்தியையே அவர் முதல் அடையாளமாக எடுத்துக்கொண்டார். வயிற்றைத் தடவி, எதையோ சொல்லி, வெற்றிலையில் முடி உருண்டைபோல் கறுப்பாக ஒன்றைக் காட்டினார். போகமாட்டேன் என்று அருணா சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். அவள் போய்விட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு சுமித்ரா கொடுத்த எதையும் ஊரில் யாரும் வாங்கவில்லை. வெளிப்படையாக ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால், "இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்," என்றார்கள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கப் போனபோது தாய்க்காரி அதைத் தோள் மாற்றிக்கொண்டாள். ஒரு சீர் விசேஷத்தில் அவளைப் பந்திப் பக்கம் விடாமல் வெற்றிலை பாக்கு எடுத்துவைக்கச் சொன்னார்கள். சோற்றில் கைபடாத வேலை அது. கடைக்கு வந்த டூரிஸ்டுகள் மட்டும் வழக்கம்போல், "ஸ்குவாஷ் இருக்கா?" என்று கேட்டார்கள். அவள் இல்லை என்றாள். பலாப்பழமும் மிளகுப் பொட்டலமும் விற்றாள்.

பூபதிக்குக் கோபம் தாயின் மேலா மனைவி மேலா என்று அவனுக்கே தெரியவில்லை.

"டாக்டரம்மாவக் கூட்டிட்டு வந்து ஊர்ல ஒரு வார்த்த சொல்லச் சொன்னா முடிஞ்சு போச்சு," என்றான்.

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

டாக்டர் வந்தால் இளைப்பு எப்போதிலிருந்து என்ற பேச்சு வரும். சுமித்ரா அதைச் சொல்லவில்லை. "ஜீப்புல ஏறி எறங்கறதுக்கு அவங்களுக்கு நேரமில்ல," என்றாள்.

"நீ ஏதோ மறைக்கற."

"ஆமா. மறைக்கறேன். ஆனா நீங்க நெனைக்கறது இல்ல."

"நான் என்ன நெனைக்கறேன்?"

"ரெண்டு டம்ளர் குடிச்சமே, நமக்கும் வெச்சிருப்பாளோன்னு."

பூபதி சிரிக்கப் பார்த்தான். முழுதாக வரவில்லை.

ஆவணி பிறந்து முதல் ஞாயிறு ஊர்க்கவுண்டர் சின்னராசு, மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார். அவருக்குச் சோளக்காடு என்கிற ஊரில் மிளகு வியாபாரம். மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கி, தோளிலிருந்த துண்டை விரித்து மரத்தடியில் உட்கார்ந்தார். பொன்னாயி கேட்டது ஒன்றுதான். சுமித்ரா கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் பேச்சு முடிந்தது. செய்யாவிட்டால் அவள் அடுப்பில் ஊரில் யாரும் கை நனைக்கமாட்டார்கள். தோட்டப் பங்கும் அப்போதைக்குக் கிடையாது.

தட்டில் கற்பூரம் வைத்திருந்தார்கள். இன்னும் ஏற்றவில்லை. அருணா பெண்கள் பக்கம், பொன்னாயிக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"சுத்தி வளைக்க வேண்டாம் சாமி," என்றார் சின்னராசு. "அருணாளுக்கு நீ மருந்து வெச்சியா?"

"வெக்கலைங்க."

"அப்ப கற்பூரத்த ஏத்தச் சொல்றேன். 'நான் அவளுக்கு மருந்து குடுக்கல'ன்னு சொல்லி அணைச்சிரு. அவங்கவங்க ஊட்டுக்குப் போலாம். எனக்கும் நாலு மணி பஸ்ஸு இருக்குது."

சுமித்ரா தட்டைப் பார்த்தாள்.

"அது முடியாதுங்க."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பொன்னாயி கையை விரித்துக் காட்டினாள்.

"ஏன் முடியாது?"

"குடுத்தது உண்மைங்க. வெக்கல. போட்டேன்."

பின்னாலிருந்து ஒருவர், "வெச்சா என்ன, போட்டா என்ன, உள்ள போனது ஒண்ணுதான?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

"ஒண்ணில்லீங்க," என்றாள் சுமித்ரா. "நீங்க மொளகுக்கு மருந்து அடிக்கறீங்க. அதுக்காக மொளகுக்கு வசியம் வெச்சீங்கன்னு யாராச்சும் பஞ்சாயத்து கூட்டுனாங்களா?"

இந்த முறை சிரிப்பு கூடுதலாக வந்தது. சின்னராசு கையைத் தூக்கி அடக்கினார். "சொல்லு. முழுசாச் சொல்லு."

அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துத் தரையில் வைத்தாள். வளைந்த கரண்டி, நீல மூடி, தூள் பொட்டலம். ஜூஸ் கெடாமலிருக்க இந்தத் தூள், அதற்கு இந்தக் கரண்டிதான் அளவு, கரண்டி வளைந்துபோக நான் இந்த மூடியை எடுத்தேன், மூடி நிறையப் போட்டேன், அது நாலு மடங்குக்கும் மேல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சின்னராசு பொட்டலத்தை வாங்கி மூக்கருகில் கொண்டுபோனார். தலையைத் திருப்பி மூன்று தும்மல் போட்டார்.

"தீப்பெட்டியாட்டம் இருக்குது. இதையா எல்லாரும் குடிச்சோம்? போன மாசம் நான் ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போனனே."

"ஆமாங்க."

"என் ஊட்டுக்காரி தொண்ட கரகரங்குதுன்னா. குளுருன்னு சொல்லிட்டேன்."

"நான் அன்னாசின்னு சொல்லிட்டு இருந்தனுங்க."

பாப்பாத்தி எழுந்து நின்றாள். "கூடப் போடச் சொன்னது நான். பாட்டில் பொங்குதுன்னு சொன்னேன். அவ மேல மட்டும் போடாதீங்க."

"உக்காரு பாப்பாத்தி. உன் முறை வாரப்ப கூப்பிடறோம்."

அத்தோடு முடிந்திருக்கும். சின்னராசு துண்டை எடுத்து உதறத் தொடங்கியிருந்தார். அப்போது பொன்னாயி பேசினாள். சத்தம் போடவில்லை.

"கவுண்டரே, நான் ஒண்ணு கேக்கறேன். நானும் அதத்தான் குடிச்சேன். என் மவன் ரெண்டு டம்ளர் குடிச்சான். இவ குடிச்சா, பாப்பாத்தி குடிச்சா, புள்ளைங்க குடிச்சுது. அளவு கூடுனது எல்லாத்துக்குந்தான கூடுச்சு. அருணாளுக்கு மட்டும் ஏன் மூச்சு நின்னுது? அதுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க."

நியாயமான கேள்விதான் என்று எல்லோருக்கும் பட்டது. சின்னராசு துண்டை மறுபடி விரித்தார்.

"சொல்லு சாமி."

எனக்குத் தெரியாதுங்க என்று சொல்லிவிடலாம். கோயில் முன்னால் அது பொய். தெரியும் என்று சொல்லவும் வழியில்லை, அருணா பிடித்த பிடி இன்னும் மணிக்கட்டில் இருப்பதுபோலவே இருந்தது. சுமித்ரா அருணாவைப் பார்க்காமலிருக்கக் கவனமாகத் தரையிலிருந்த மூடியையே பார்த்தாள்.

"அத நான் சொல்ல மாட்டனுங்க."

"தெரியாதா, சொல்ல மாட்டியா?"

"சொல்ல மாட்டேன்."

"பாத்துக்கங்க," என்றாள் பொன்னாயி.

பூபதி ஜீப்பில் சாய்ந்து நின்றவன் தலையைக் குனிந்துகொண்டான். கற்பூரத்தட்டு வைத்திருந்தவர் அதை எடுத்துவிடலாமா என்று சின்னராசுவைப் பார்த்தார். சின்னராசு தாடையைச் சொறிந்தார்.

"அப்படின்னா நான் என்ன பண்றது? சத்தியமும் பண்ண மாட்டேங்கற, பதிலும் சொல்ல மாட்டேங்கற. ஊரு நெனைக்கறத நெனைச்சுக்கும். நான் தடுக்க முடியாது."

"சரிங்க," என்றாள் சுமித்ரா.

அப்போது அருணா எழுந்தாள். இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து, நீல நிறத்தில் வளைந்த சின்னப் பம்பை எடுத்து, சுமித்ரா வைத்த மூடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்குச் சின்னதுலருந்தே இளைப்புங்க. இளைப்பு இருக்கறவங்களுக்குத்தான் அந்தத் தூளு ஆகாதாம். டாக்டரம்மா சொன்னாங்க. அக்காவுக்குத் தெரியும். நான்தான் சொல்லக் கூடாதுன்னு கையப் புடிச்சேன்."

பொன்னாயி பம்பைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"சின்னதுலருந்தா?"

"ஆமாங்க அத்த."

"காரவள்ளிக்கு வந்தியே. அவரு எடுத்துக் காட்டுனாரே."

"வெத்தலையில அவரு என்ன வெச்சாரோ எனக்குத் தெரியாதுங்க. எனக்கு வந்தது பஸ்ஸு வாந்தி."

யாரோ ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பொன்னாயியின் முகம் சிவந்துவிட்டது.

"அப்ப உங்கப்பன் எங்கள ஏமாத்திக் கட்டிக் குடுத்தானா? பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு வார்த்த சொன்னானா? கவுண்டரே, இதக் கேளுங்க."

"அது வேற பஞ்சாயத்து," என்றார் சின்னராசு. "அதுக்கு வேற கற்பூரம் வாங்கிட்டு வாங்க."

அவர் சுமித்ராவைக் கூப்பிட்டார். கற்பூரத்தை ஏற்றச் சொன்னார். சத்தியத்துக்கான வார்த்தைகளை இந்த முறை அவர் நிதானமாக யோசித்துச் சொன்னார். பாதியில் ஒரு முறை நிறுத்தி, "வெச்சேன்னு வரக் கூடாது, போட்டேன்னு வரணும், அப்படித்தான?" என்று அவளிடமே கேட்டுக்கொண்டார். அவள் அவர் சொன்னபடியே திருப்பிச் சொன்னாள். அளவு தெரியாமல் மருந்து கூடப் போட்டேன். கெட்ட எண்ணத்தில் யாருக்கும் எதுவும் வைக்கவில்லை. சொல்லி முடித்து உள்ளங்கையால் சுடரை அமுக்கினாள். கை லேசாகச் சுட்டது.

சின்னராசு நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

மறுநாள் குழுப் பெண்கள் மீதியிருந்த பாட்டில்களைத் திறந்து சாக்கடையில் கொட்டினார்கள். தீக்குச்சி வாசம் மத்தியானம்வரை அங்கே இருந்தது. நகைக்கடையில் வைப்பதுபோல ஒரு சின்ன எடைக் கருவி வாங்கினார்கள். நீல மூடியை யாரும் எடுத்துவிடக்கூடாதென்று பாப்பாத்தி அதை அடுப்பில் போட்டாள். லேபிளில் இரண்டு வரி சேர்த்தார்கள்: இதில் கெடாமலிருக்கும் தூள் அளவோடு சேர்க்கப்பட்டுள்ளது. இளைப்பு உள்ளவர்கள் குடிக்க வேண்டாம்.

பொன்னாயி தை மாதம்வரை அருணாவின் அப்பாவிடம் பேசவில்லை. ஆனால் சுமித்ரா வீட்டுக்குப் புரட்டாசி நோன்புக்கே வந்து சாப்பிட்டாள். தோட்டத்தின் கீழ்ப்பங்கு பிரேமுக்குப் போனது. அருணா பம்பை இப்போது ஜன்னல் மாடத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறாள்.

கடையில் பாட்டிலை எடுத்துப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். அந்த வருடம் ஸ்குவாஷ் விற்பனை பாதியாகக் குறைந்தது. அடுத்த சீசனில் வெட்டிய அன்னாசித் துண்டுகளையும் குழு சேர்த்து விற்கத் தொடங்கியது.